பிரியான் புரதம்: இரு உருவ மாதிரிகள்

இடப்புறம் சுருள் சுருளாகத் தோன்றுவது, ஆரோக்கியமான மூளையின் நரம்பணுக்களில் இயல்பாகவே அமைந்த புரதம். வலப்புறம் தட்டையான மடிப்புகள் மிகுந்து நிற்பது, அதே புரதம் உருத்திரிந்த நிலை.

1972-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் நரம்பியல் பயிற்சி மருத்துவராயிருந்த ஸ்டான்லி புரூசினர், நினைவாற்றல் க்ஷீணித்துவந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவரைப் பீடித்த குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் வியாதியின் மூலகாரணத்தை அறிய விழைந்து, அதனையொத்த ஸ்கிரேப்பி என்னும் ஆட்டு நோயை ஹாம்ஸ்டர் எலிகளிடம் ஆராய்ந்து, அவற்றின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த நோய்ப்பொருள் கிருமியன்று, புரதமே எனத் துணிந்து, 1982-இல் அதற்குப் 'பிரியான்' என்று நாமகரணம் செய்தார்.

திரிந்த புரதம் தன்னை அடுத்த நல்ல புரதத்தையும் தன் வடிவுக்கே மாற்றிவிட, நாளடைவில் மூளைத்திசு கடற்பஞ்சைப்போல் துளைபடுகிறது. நெடுநாள் சந்தேகிக்கப்பட்ட இச்சித்தாந்தத்திற்காக, 1997-இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு அளிக்கப்பட்டது.