மாலத்தீவில் பாடம் நடத்தும் நம்மூர் ஆசிரியர்கள்: சோர்வைச் சொல்லவும் கேட்கவும்

பக்கத்து நாடுதான், ஆனாலும் தூரம்

கருங்கல், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நாலு வீடு ஏறி இறங்கினால் போதும், மாலத்தீவில் டீச்சராக இருக்கும் மகளைப் பற்றியோ சாராக இருக்கும் மருமகனைப் பற்றியோ பேச்சு வந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பிடித்த குமரி மாவட்டம் இது. மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-ல் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்தே ஆசிரியர் வேலைக்கு இங்கே தனி மதிப்பு. பி.எட். முடித்தவர்கள் ஏராளம், அரசுப் பள்ளி இடங்களோ குறைவு. தனியார் பள்ளிச் சம்பளத்தில் வீட்டுக் கடனை அடைக்க முடியாது. அதனால் முந்தைய தலைமுறையில் எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போனார்கள். 1960களில் ஆங்கிலவழிக் கல்விக்கு மாறிய மாலத்தீவு, இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்களை அழைக்க ஆரம்பித்ததும் நம்மூர்க்காரர்கள் அங்கேயும் போனார்கள்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போவதைவிடச் சீக்கிரம். வீட்டார் 'இங்க பக்கத்துலதானே இருக்கா' என்று ஆறுதல் பட்டுக்கொள்வதும் அதனால்தான். ஆனால் மாலே வேறு, வேலை கிடைக்கும் தீவு வேறு. ஏறத்தாழ 1,200 தீவுகள் இருந்தாலும் மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். அவை வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. தூரத் தீவு என்றால் மாலேயிலிருந்து உள்நாட்டு விமானம், அதற்குமேல் லாஞ்ச். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஊரில் ஒரு சாவு என்றால் அடக்கத்துக்கு வந்துசேர முடியுமா என்பது காற்றின் கையில் இருக்கிறது.

அங்கே பல வருடம் பாடம் நடத்துகிறவர்களுக்கு வரும் சோர்வு, மனத்திடம் இல்லாததால் வருவதல்ல. அதை வீட்டில் சொல்ல வழியில்லாமல் போவதுதான் அதை முற்ற வைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே இது அங்கே இருப்பவர்களுக்காக மட்டுமல்ல, இங்கே போனை எடுப்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

மருத்துவம் என்ன சொல்கிறது

நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் சேவை செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், உற்சாகமாக வேலைக்கு வந்தவர்களே நாளடைவில் வற்றிப்போவதைப் பார்த்து 1974-ல் 'பர்ன் அவுட்' பற்றி எழுதினார். பணிச்சோர்வு என்று நாம் சொல்வது இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு மூன்று அடையாளங்களை வரையறுத்தது. உடம்பிலும் மனத்திலும் சக்தி தீர்ந்துபோதல், வேலைமீது வெறுப்பும் விலகலும் வருதல், 'நான் செய்வது எதுவும் உருப்படியில்லை' என்ற எண்ணம் ஆகியவை அவை. அந்த நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்து நெருக்கடி நெடுநாள் தீராமல் கிடப்பதன் விளைவு என்றே சொன்னது. 'உனக்குத் தாங்குற சக்தி இல்ல' என்று ஆளைக் குறை சொல்வதற்கு மருத்துவத்தில் இடமில்லை.

இதோடு அந்நிய நாட்டு வாழ்க்கையின் நெருக்கடியும் சேர்கிறது. நார்வேயைச் சேர்ந்த லிஸ்கார்ட், அமெரிக்கா போய்வந்த தம் நாட்டவரை ஆராய்ந்து 1955-ல் எழுதியபடி, முதலில் உற்சாகம், பிறகு ஒரு சரிவு, அப்புறம் மெல்ல நிதானம். பலரும் இந்தக் கணக்கை நம்பி, 'முதல் வருஷம் கஷ்டம், பிறகு பழகிடும்' என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து வாழ்கிறவருக்குச் சரிவு எட்டாவது வருடத்திலும் வரலாம். அப்போது 'இவ்வளவு நாள் இருந்த எனக்கா' என்ற வெட்கமும் சேர்ந்து வாயை அடைக்கும்.

தீவில் ஒரு வாரம்

வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு காலை பள்ளி. ஞாயிறு ஆராதனைக்குப் போய்ப் பழகியவருக்கு வாரத்தின் அச்சே மாறிவிடுகிறது. இஸ்லாம் அரச மதமாக உள்ள நாடு அது. பிற மதத்தார் தம் அறைக்குள் ஜெபிக்கலாம், பொதுவில் வழிபாடு நடத்த அனுமதியில்லை. அந்த நாட்டின் சட்டம் அது, போகிறவர்கள் தெரிந்தேதான் போகிறார்கள். என்றாலும் கோட்டாறு சவேரியார் திருவிழாவும், சுசீந்திரம் மார்கழித் தேரும், மண்டைக்காட்டுக் கொடையும், கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனையும் வருடாவருடம் போன் திரையில் மட்டுமே கடந்துபோகும்போது மனம் எதையோ இழந்துகொண்டே இருக்கிறது. துக்கம் என்று பெயர் வைக்கத் தோன்றாத துக்கம் இது. அதனாலேயே யாரும் ஆற்றிக்கொள்வதில்லை.

வகுப்பறையில் அடுத்த அடி. எழுந்து நின்று 'குட்மார்னிங் சார்' சொல்லும் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர், உட்கார்ந்தபடியே பேசும், இடையில் புகுந்து கேள்வி கேட்கும் பிள்ளைகளைச் சந்திக்கிறார். மரியாதை இல்லை என்று மனம் சுருங்குகிறது. அங்கே அது அவமரியாதை அல்ல, அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் அப்படித்தான் பேசுவார்கள் என்று முதல் மாதமே யாராவது சொல்லியிருந்தால் பாதி வேதனை மிச்சம். நம் உச்சரிப்பைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதும் உண்டு. ஆசிரியர் அறையில் திவேஹி மொழியில் பேச்சு ஓடும்போது, தன்னைப் பற்றித்தானோ என்று நெஞ்சு அடித்துக்கொள்வதும் உண்டு.

சின்னத் தீவில் வேலை முடிவதே இல்லை. கடைக்குப் போனாலும், ஜெட்டியில் நின்றாலும், எதிரே வருவது மாணவனோ அவன் தாயோ. பல பேர் சக ஆசிரியர்களோடு ஒரே வீட்டில் தங்குகிறார்கள். மதியம் டைம்டேபிளுக்காக முறைத்துக்கொண்டவரோடு ராத்திரி ஒரே அடுப்பில் சமைக்க வேண்டும். காய்கறி படகு வரும் நாளைப் பொறுத்தது. மரச்சீனியும் மீன்கறியும், சம்பா அரிசிச் சோறும் தீயலும் நாக்கில் நிற்க, ரொஷி என்னும் ரொட்டியும் சூரை மீன் சாறான கருதியாவுமே தினம் கிடைக்கும். பணத்துக்கும் முடை. டாலர் தட்டுப்பாட்டால் ஊருக்கு அனுப்பும் தொகைக்கு வங்கி வரம்பு வைத்தால், இங்கே கடன் தவணை தவறுகிறது. வருட முடிவில் ஒப்பந்தம் நீளுமா என்ற பயம் வேறு.

ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் போன்

மாலத்தீவு நம்மைவிட அரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே எட்டரைக்கு மகள் கூப்பிட்டால் இங்கே ஒன்பது. 'சுகமா இருக்கியா மக்கா?' என்று அம்மை கேட்கிறாள். 'சுகம்தான்மா, அங்க மழையா?' என்கிறாள் மகள். மூன்று நாளாக உறக்கமில்லை என்பதை அவள் சொல்லவில்லை. முட்டுவலி கூடியிருப்பதை அம்மையும் சொல்லவில்லை. பிறகு தவணை, காம்பவுண்டுச் சுவர், தங்கச்சிக்கு வந்த கல்யாண ஆலோசனை. பத்து நிமிடத்தில் போன் வைக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். அப்படி மறைத்தே வெப்ராளம் கூடுகிறது.

இதை மாற்றுவது வீட்டாரின் கையில் இருக்கிறது. 'சுகமா?' என்று கேட்டால் 'சுகம்' என்றுதான் பதில் வரும். 'நேத்து ராத்திரி எப்ப உறங்கின?' என்று கேட்டுப் பாருங்கள். 'இந்த வாரம் எந்த கிளாஸ் உன்னைப் பாடாப் படுத்திச்சு?' என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே புத்தி சொல்லாமல் கேளுங்கள். பணப் பேச்சை வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள், மற்ற நாட்களில் அதைத் தொடவே வேண்டாம். 'இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு இரு' என்பது பலரின் நெஞ்சில் கல்லாக விழும் பேச்சு. 'முடியலைன்னா வந்திரு, நாம பாத்துக்கலாம்' என்று வீட்டில் ஒருவர் மனதாரச் சொல்லட்டும். சொன்னவுடனே பெட்டி கட்டி வந்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். திரும்பி வர இடமிருக்கிறது என்று தெரிந்தவருக்கு அங்கே நாள் கழிப்பது லேசாகிறது.

அங்கே இருப்பவரும் உண்மையில் பாதியையாவது சொல்லப் பழக வேண்டும். எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அக்காவோ, கூடப் படித்த சிநேகிதியோ, பணக் கணக்கில் சம்பந்தப்படாத ஒருவர் போதும்.

உடம்பு காட்டும் அறிகுறிகள்

சனிக்கிழமை சாயங்காலமே நெஞ்சு படபடக்கிறதா? எட்டு மணி நேரம் படுத்தும் களைப்பு தீரவில்லையா? தலைவலி, வயிற்று எரிச்சல், கழுத்துப் பிடிப்பு, அடிக்கடி சளி, முன்பில்லாத ரத்த அழுத்தம், சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள்மேல் பாய்வது, நோட்டுத் திருத்துவதைத் தள்ளிப்போட்டுப் போனில் மூழ்குவது எல்லாம் கவனிக்க வேண்டியவை. ஆனால் எல்லாக் களைப்பையும் மனத்தின்மேல் போட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே களைப்பைத் தரும். லீவில் வரும்போது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் அந்தச் சந்தேகம் தீரும்.

அங்கே இருந்தபடியே

உறக்கம்தான் முதலில். படுக்கிற நேரமும் எழுகிற நேரமும் வெள்ளி சனியிலும் மாறாமல் இருக்கட்டும். பிற்பகலுக்குப் பிறகு காப்பி வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பைக் கடற்கரையில் நடந்தே எட்டிவிடலாம். தினம் அரை மணி நேரம், வெயில் தாழ்ந்த பிறகு. நடக்கும்போது ஊருக்குப் போன் பண்ண வேண்டாம்.

பண்பாட்டுத் தழுவலை நெடுங்காலம் ஆராய்ந்த கனடா உளவியலாளர் ஜான் பெர்ரியின் ஆய்வுகளில், சொந்தப் பண்பாட்டை விடாமல் புது ஊரோடும் கலந்தவர்களே பொதுவாக நன்றாக நிலைகொள்கிறார்கள். நடைமுறையில் இது சின்னச் சின்ன காரியம்தான். தமிழ், மலையாள நட்பு வட்டம் இருக்கட்டும், அதோடு உள்ளூர் வீடு ஒன்றும் பழக்கமாகட்டும். திவேஹியில் நூறு வார்த்தை கற்றுக்கொண்டால் ஆசிரியர் அறைப் பேச்சு பயமுறுத்தாது. பிள்ளைகளிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியருக்குக் கற்றுத்தரும் வாய்ப்பு கிடைத்தால் வகுப்பின் போக்கே மாறும்.

பெண்கள் கூட்டாக இருக்கும் வீடுகளில் ஒரு நேரமாவது பள்ளிக்கூடப் பேச்சு கூடாது என்று ஒப்புக்கொள்வது நல்லது. சமையல் நேரம் அதற்குத் தோது. ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ லீவு இல்லாவிட்டாலும் அடுத்த வெள்ளிக்கிழமை அவியலோ கேக்கோ செய்து சேர்ந்து சாப்பிடுங்கள். செய்யாமல் விட்டுவிட்டு மனதுக்குள் புழுங்குவதைவிடத் தாமதமாகக் கொண்டாடுவது மேல்.

லீவில் வரும் ஒரு மாதம்

இளைப்பாற வேண்டிய மாதம் இது. நடப்பதோ வேறு. வந்த மறுநாளே கொத்தனார் கணக்கு, வங்கி, கல்யாண வீடுகள், அப்பாவின் கண் ஆபரேஷன், 'வந்துட்டுப் பாக்காமப் போயிட்டா' என்ற உறவுக்காரர்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது வந்ததைவிடக் களைத்துப் போகிறார்கள். அடுத்த பதினொரு மாதம் இதே களைப்போடுதான் தொடங்குகிறது.

முதல் ஐந்து நாள் யார் வீட்டுக்கும் போக வேண்டாம், யாரும் வரவும் வேண்டாம். இதை வீட்டுப் பெரியவர் ஒருவரே சொந்தபந்தங்களிடம் சொல்லிவிட்டால் வந்தவருக்குச் சங்கடமில்லை. பிள்ளைகளை ஊரில் விட்டுப் போனவர்களுக்கு இன்னொன்று. பிள்ளை உடனே மடியில் வந்து ஒட்டிக்கொள்ளாது. முதல் வாரம் பாட்டியிடமே ஓடும். அது வெறுப்பல்ல. கோபிக்காமல் கூடவே இருந்தால் தானாக நெருங்கும்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒரேயடியாகத் திரும்புகிறவர்களுக்குச் சொந்த ஊரே அந்நியமாகத் தெரியும் காலம் ஒன்று உண்டு. இங்குள்ள பள்ளிச் சம்பளமும் நிர்வாகமும் அவர்களைக் குறுக்கிவிடுகின்றன. சேமிப்பு இடம் கொடுத்தால் மூன்று மாதமாவது வேலை தேடாமல் இருக்கட்டும். வீட்டாரும் அதைக் கேள்வி கேட்காமல் இருக்கட்டும்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

வேலைச் சோர்வு லீவில் ஓரளவு தணியும். எதிலும் சந்தோஷம் இல்லாமை, அழுகை, பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை வேலை இல்லாத நாட்களிலும் விடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, குணமாகும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. தீவின் சுகாதார நிலையத்துக்கு அன்றே போக வேண்டும், கூட இருப்பவர் ஒருவரிடம் சொல்லித் தனியாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் இருக்கும்போது ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் ஊரிலிருந்து எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள். என்ன செய்வதென்று தெரியாத பெற்றோரும் இந்த எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பழக்கமாகிவிடும். சீட்டு இல்லாவிட்டால் மாலே விமான நிலையத்தில் வழக்கிலும் மாட்டலாம். டாக்டரைப் பார்ப்பதாக இருந்தால் லீவின் முதல் வாரமே பாருங்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், அளவைச் சரிபார்க்க டாக்டருக்கு இன்னொரு சந்திப்பும் வேண்டும். புறப்படும் முந்தின நாள் போய் நின்றால் எதுவும் நடக்காது. மருந்துச்சீட்டோடு மருத்துவரின் கடிதத்தையும் ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட்டைத் தள்ளிப்போட டாக்டர் சொன்னால், பள்ளிக்கு அன்றே மெயில் அனுப்பிவிட்டுத் தள்ளிப்போடுங்கள்.