ஊருணியிலிருந்து கிராம சபைக்கு

வற்றாத ஆறு எதுவும் பாயாத செட்டிநாட்டில், மாளிகைகளின் ஓட்டுக்கூரையில் விழுந்த மழைநீரை முற்றத்தில் இறக்கி, தெருவோர வடிகால்களின் வழியே ஊர்ப்பொதுக் குளமாகிய ஊருணியில் சேர்க்கும் ஏற்பாட்டை முன்னோர் செய்திருந்தனர். குழாய்நீர் வந்த பின்னர், குடிநீருக்கு ஊருணியை நம்பியிருந்த நிலை மாறியதோடு அதைக் காக்கும் பொறுப்பும் ஆளற்றுப் போனமையால், பல ஊர்களில் வரத்துக் கால்வாய்கள் தூர்ந்து, கரைகளில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. காரைக்குடி வட்டாரத்துக் கல்லூரி மாணவர்களின் தன்னார்வப் பணி எதற்குப் பயன்பட வேண்டும் என்ற வினாவுக்கு இதைவிடத் தக்க களம் வேறில்லை.

இவ்வட்டாரத்தில் உயர்கல்வியே கொடையால் வேரூன்றியது. வள்ளல் அழகப்பர் 1947இல் கலைக்கல்லூரியைத் தொடங்கி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. அவர் பெயரிலான பல்கலைக்கழகம் 1985இல் உருவாயிற்று. பிறர் கொடுத்த நிலத்தில் படிக்கும் மாணவர் அந்த நிலத்துக்கு எதைத் திருப்பித் தரலாம் என்று எண்ணுவது இயல்பே. அதற்கான அமைப்பும் நாடெங்கும் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் சேரும் மாணவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றி, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்க வேண்டும்.

இதனால் மாணவருக்கு விளையும் நன்மையைச் சான்றிதழைக் கொண்டு அளப்பது பெரும்பிழை. வேதியியல் மாணவி ஊருணி நீரின் காரத்தன்மையையும் உப்பையும் அளந்து, வணிகவியல் மாணவர் தூர்வாரும் செலவுக்கு மதிப்பீடு எழுதி, வரலாற்று மாணவர் குளம் வெட்டிய செய்தியை முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்து, மாலையில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து கண்டவற்றை விவாதிக்கும்போதுதான், பாடமும் பணியும் ஒன்றையொன்று வளர்க்கும் சேவைவழிக் கற்றல் நிகழ்கிறது. அந்த விவாதம் இல்லாத முகாம், எத்தனை மரக்கன்றுகளை நட்டாலும், உடலுழைப்பாகவே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது நன்மை நுட்பமானது. மக்களிடையே நிலவும் நம்பிக்கையையும் உறவு வலையையும் 'சமூக மூலதனம்' என்று விளக்கும் அமெரிக்க அறிஞர் ராபர்ட் புட்னம், ஒரே குழுவினரை இறுக்கிக் கட்டும் பிணைப்பையும் வெவ்வேறு குழுக்களை இணைக்கும் பாலத்தையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். கடல் கடந்த வணிகத்தைத் தம்முள் நிலவிய நம்பிக்கையால் நடத்திய செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினரான நகரத்தார் முதல்வகைக்கு அரிய சான்றாவர்; சாதியாலும் தெருவாலும் பிரிந்து வாழும் ஊர்களுக்கு இன்று மிகுதியாகத் தேவைப்படுவதோ இரண்டாவது வகை. வெவ்வேறு குடும்பப் பின்னணியினர் ஏழு நாள் ஒரே பள்ளிக்கூடத்தில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் முகாம் அந்தப் பாலத்துக்கு அடிக்கல்லாகிறது. வகுப்பறை இதனை எளிதில் தருவதில்லை.

ஆயினும் முகாம் கலைந்த மறு ஆண்டே கருவேலம் மீண்டும் தழைத்துவிடும். அறிவும் ஊராரின் முடிவும் இணைந்தால்தான் பணி நிலைக்கும் என்பதைக் காரைக்குடிக்கு அருகிலுள்ள குன்றக்குடியே காட்டியிருக்கிறது. தவத்திரு குன்றக்குடி அடிகளார் ஊர்மக்களையும் மின்வேதியியல் ஆய்வக அறிவியலாளர்களையும் ஒருங்கிணைத்து நடத்திய கிராமத் திட்டத்தில், திட்டமிடும் பொறுப்பு ஊரிடமே இருந்தது. தன்னார்வப் பணி குடிமைப் பங்கேற்பாக, அதாவது பொதுமுடிவுகளில் குடிமகன் பங்குகொள்ளும் செயலாக, வளர வேண்டிய இடம் இதுவே.

அதற்குரிய வழியும் சட்டத்தில் உள்ளது. 1989 முதல் வாக்குரிமை வயது 18. ஊராட்சி வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். எனவே சிற்றூர்களிலிருந்து காரைக்குடிக்கு வந்து படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் தத்தம் ஊர்ச் சபையில் பேசும் உரிமை உடையவர்கள். பலர் அதில் ஒருமுறைகூட அமர்ந்ததில்லை என்பதுதான் வருத்தம். முகாமில் கற்ற முறையில் சொந்த ஊர் ஊருணியை அளந்து, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் சபையில் அக்கணக்கை வைத்தால், கோடையிலேயே தூர்வாருவதற்குத் தீர்மானம் பெறலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பர் 1 அன்று மீண்டும் கூடும் சபையில், கால்வாய் வழியே நீர் வந்து சேர்ந்ததா என்று அதே மாணவர் எழுந்து கேட்கலாம்.