"செத்த" கம்ப்யூட்டர் கேம்களுக்கு மறுஉயிர்!

கள்ளக்குறிச்சி பிரவுசிங் சென்டர்களில் காசு கட்டி கேம் ஆடியவர்களுக்கு 'பிளாஷ்' ஞாபகம் இருக்கும். ஆசைக்காகச் சிலர் வீட்டில் உட்கார்ந்து உருவாக்கி, சும்மா கொடுத்த விளையாட்டுகள் அதில் ஏராளம்.

2020 டிசம்பர் 31-ல் அடோப் கம்பெனி பிளாஷைக் கைகழுவியது. 2021 ஜனவரி 12-ல் பூட்டே போட்டுவிட்டது. அத்தனை பேர் உழைப்பும் போச்சு!

கைகொடுக்க வந்தது 'ரபிள்'. மைக் வெல்ஷ் தொடங்கிய இலவச புரோகிராம். கேமைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. பழைய பைலை அப்படியே கொடுத்தால், இன்றைய பிரவுசருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் துபாஷி அது. 2020 நவம்பரிலேயே இன்டர்நெட் ஆர்க்கைவ் இதைச் சேர்த்துக்கொண்டது.

செல்போனிலும் ஓடும். (ஐபோன் பிளாஷை ஏற்றதே கிடையாது!) டவர் கிடைத்தால் கல்வராயன் மலை வெள்ளிமலையில் உட்கார்ந்தும் ஆடலாம். பிற்காலத்தில் வந்த சிக்கலான கேம்கள் சில மட்டும் இன்னும் நொண்டுகின்றன.