பிள்ளை அழுதால் பால் இறங்குவது ஏன்?

தாய் அடுப்படியில் நிற்பாள். அறையில் பிள்ளை சிணுங்கியதுமே சட்டை நனைந்துவிடும். எப்படி?

அழுகை காதில் விழ, மூளையின் ஹைப்போதலாமசில் உருவாகும் ஒக்சிடோசின், பிட்யூட்டரி வழியாக இரத்தத்தில் கலக்கிறது. அதனால் பாற்பைகளைச் சூழ்ந்த நுண்கலங்கள் சுருங்கிப் பாலை வெளியே தள்ளுகின்றன. ஒக்சிடோசினே கருப்பையையும் சுருக்குவதால்தான் முதல் நாட்களில் பால் கொடுக்கையில் அடிவயிறு வலிக்கிறது.

ஒக்சிடோசினின் இந்தக் கருப்பைச் செயலை ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேல் கண்டது 1906இல்.

பயமும் உளைச்சலும் வந்தால் அதிரீனலின் குறுக்கே நிற்கும். பால் இருந்தும் இறங்காது. பால் சுரக்கட்டும் என்று தாய்க்குப் பால்சுறா வறை ஆக்கிக் கொடுக்கும் அதே வீட்டில், "உனக்குப் பால் காணாது" என்று சொல்லாதீர்கள். இரவில் பிள்ளையைக் கொஞ்சநேரம் நீங்கள் வைத்திருங்கள், அவள் உறங்கட்டும்.