முன்கூட்டிய அனுப்புகை அறிவிப்பு (அரசுக் கொள்முதல்)

முன்கூட்டிய அனுப்புகை அறிவிப்பு என்பது, சரக்கு வந்து சேரும் முன்பே அதன் விவரங்களை விற்பவர் வாங்குபவருக்குத் தெரிவிக்கும் ஆவணம் ஆகும். எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதை விலைப்பட்டியல் கூறும். என்ன பொருள், எத்தனை பெட்டிகளில், எந்த வண்டியில் வருகிறது என்பதை இந்த அறிவிப்பு கூறும்.

பயன்

தென்னேரியிலுள்ள ஒரு சிறு வணிகர் சென்னையிலுள்ள அரசு அலுவலகம் ஒன்றுக்கு 500 துண்டுகளை 10 பெட்டிகளில் அனுப்புவதாகக் கொள்வோம். பெட்டிக்கு 50 என்று அறிவிப்பில் இருந்தால், ஏழாம் பெட்டியில் 48 மட்டுமே இருப்பதைக் கிடங்குப் பணியாளர் அன்றே குறித்துவிடலாம். விவரம் இல்லையென்றால், குறை எங்கே நேர்ந்தது என்ற வழக்கு நீளும், பணமும் தாமதமாகும்.

அமெரிக்காவில்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்ததாரர்கள் பெறுகை அறிக்கையையும் பணக் கோரிக்கையையும் 'வைடு ஏரியா வொர்க்ஃப்ளோ' என்னும் இணைய முறைமை வழியே அனுப்புகின்றனர். பெட்டிகளில் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டை ஒட்டவேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அப்பட்டைகளின் எண்களையும் சரக்கு புறப்படும் முன்பே அறிவிக்க வேண்டும். வணிக உலகில் இதே தகவல், வட அமெரிக்காவில் எக்ஸ்12 தரத்தின் 856ஆம் எண் செய்தியாகவும், ஐ.நா.வின் எடிஃபாக்ட் தரத்தில் 'டெசாட்வ்' என்ற பெயரிலும் செல்கிறது.

இந்தியாவில்

2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'ஜெம்' எனப்படும் அரசு மின்சந்தையில், விற்பவர் அனுப்புகை விவரத்தையும் விலைப்பட்டியலையும் தளத்தில் பதிகிறார். சரக்கைப் பெறும் அலுவலர் முதலில் தற்காலிகப் பெறுகைச் சான்றும், சோதித்தபின் ஏற்புச் சான்றும் தருகிறார். ஏற்புச் சான்றுக்கு 10 நாள், அதன்பின் பணம் தர 10 நாள் என்பது விதி.

இ-வே பில் இதிலிருந்து வேறுபட்டது. அது வரித்துறைக்கானது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டுக்குள் இவ்வரம்பு 1 லட்சம் ரூபாய். இ-வே பில் எடுத்ததாலேயே வாங்குபவருக்கு அறிவித்ததாக ஆகிவிடாது.

பணம் பெறும் உரிமை

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை ஏற்பு நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் மறுப்பு வராவிட்டால், வந்த நாளே ஏற்பு நாளாகக் கொள்ளப்படும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு.

ஆகவே சரக்கு வந்த நாளுக்குச் சான்று இருப்பது இன்றியமையாதது. அனுப்புகை அறிவிப்பு மட்டுமே அச்சான்று ஆகாது. ஆயினும் அறிவிப்பும் விலைப்பட்டியலும் வந்த சரக்கும் ஒத்திருந்தால், அலுவலர் தயங்காமல் கையொப்பமிடலாம். நாள்கணக்கும் அப்போதே தொடங்கும்.