145-ம் வீடும் 145/1-ம் வீடும்: ஜமாஅத் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோருக்கு

மஹல்லா பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைப் பல ஊர்களில் நம் பிள்ளைகளே செய்கிறார்கள். வன்னியம்பட்டி போன்ற சிற்றூரில் ஒரு ஜமாஅத் அதைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். குடும்பங்களுக்கு ஒரு டேபிள், மாத உதவித்தொகைக்கு இன்னொன்று. இரண்டையும் இணைப்பது குடும்ப எண். குடும்ப டேபிளில் இல்லாத எண்ணை உதவி டேபிளில் எழுதவே விடாத காவல்தான் ஃபாரின் கீ. ஐபிஎம்-மில் இருந்த எட்கர் காட் 1970-ல் முன்வைத்த முறையிலேயே இது உண்டு.

ஒரு நிபந்தனை: இருபுறமும் டேட்டா டைப் பொருந்த வேண்டும். ஒன்று 'இன்ட்', மற்றது 'வார்சார்' என்றால் மைஎஸ்க்யூஎல் மறுத்துவிடும். 8-ம் பதிப்பில் 3780 என்ற பிழை எண் வரும். 'இன்ட்', 'பிக்இன்ட்' என்று அளவு மாறினாலும் மறுப்புதான்.

பிழையைக் கண்டதும் பலர் ஃபாரின் கீயை விட்டுவிட்டு, வெறும் ஜாயின் போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். வம்பு அங்கேதான்.

145-ம் வீட்டு மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிறார். நோட்டு வழக்கப்படி புது வீடு 145/1. குடும்ப டேபிளில் எண் வார்சார் என்பதால் அது ஏறிவிடும். கணவரை இழந்த தாயாரின் உதவித்தொகை, மற்ற டேபிளில் 145 என்று இன்டாக இருக்கிறது. ஜாயின் செய்யும்போது மைஎஸ்க்யூஎல் எழுத்தை எண்ணாக மாற்றும். சாய்கோடு வந்ததும் நின்றுவிடும். ஆக 145, 145/1 இரண்டும் அதற்கு 145தான். தாயாரின் தொகை மகன் வீட்டுக் கணக்கிலும் நிற்கும். நாளை மகன் வீட்டில் ஒரு கஷ்டம் என்று விண்ணப்பித்தால், "ஏற்கெனவே வாங்குகிறீர்களே" என்பார்கள்.

நம் யோசனை: ஒவ்வொரு குடும்பத்துக்கும் தானாக ஏறும் வரிசை எண் கொடுத்து, இரு டேபிளிலும் அதே வகை இன்டாக வைத்து ஃபாரின் கீ போடுங்கள். 145/1 மனிதர் படிப்பதற்காகத் தனி வார்சார் காலமில் இருக்கட்டும். எக்ஸெலில் தட்டுகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் காலமை டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். இல்லையேல் 12/1-ம் வீடு தேதியாகிவிடும். (இந்த எக்ஸெல் தொல்லையால் 2020-ல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்!)

ஆதார் எண்ணையே இணைப்பாக வைக்கலாமே என்பார்கள். வேண்டாம். அதன் 12 இலக்கம் இன்டில் அடங்காது. அதன் உச்சம் 2147483647. அதோடு, சந்தா வசூலிக்க வரும் தம்பிக்கு நம் ஆதார் எண் எதற்கு?