போனது ஒரு பல், பில் மூணு பல்லுக்கு: டென்டல் பிரிட்ஜ் போடும் முன் ஒரு கணக்கு

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, ஐடிஆரும் இல்லை. பல்!

ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு "பல் கட்டணும்" என்று கிளினிக்குக்குப் போனால் கையில் ஒரு எஸ்டிமேட் கொடுப்பார்கள். அதில் "பிரிட்ஜ், 3 யூனிட்" என்று இருக்கும். போனது ஒரு பல்தானே, ஏன் மூணுக்குக் காசு? ஏமாத்துறாங்களா?

இல்லை. பிரிட்ஜ் என்பது பெயருக்கு ஏற்றபடி ஒரு பாலம். நடுவில் தொங்கும் போலிப் பல்லுக்கு வேர் கிடையாது. அதைத் தாங்க இரண்டு பக்கமும் தூண் வேண்டும். இடது பக்கத்துப் பல், வலது பக்கத்துப் பல் இரண்டையும் சுற்றிலும் ராவிச் சின்னதாக்கி, அவற்றின் மேல் கேப் போட்டு, நடுவில் போலிப் பல்லை ஒட்டி, மூன்றையும் ஒரே துண்டாக லேபில் செய்து வந்து சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள். ஆக மூணு யூனிட். விலை எப்போதும் யூனிட்டுக்குத்தான் சொல்வார்கள். "பிரிட்ஜ் 6,000 ரூபாய்" என்று போனில் கேட்டுவிட்டு 6,000 எடுத்துக்கொண்டு போனால், அங்கே 18,000 என்று நிற்கும்.

நான் ஆடிட்டர், பல் டாக்டர் இல்லை. எந்தச் சிகிச்சை உங்களுக்குப் பொருந்தும் என்பதை வாயைத் திறந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்லும் தெரிவுகளில் எது எவ்வளவு காசு தின்னும் என்பது என் வேலை.

அந்த எஸ்டிமேட்டில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. ராவப்படும் அந்த இரண்டு பக்கத்துப் பற்களும் பல பேருக்கு நல்ல பற்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது. கம்பெனி கணக்கில் இதைச் சொத்தைக் கழிப்பது என்போம். புதுசா ஒண்ணு வாங்க, கையில் இருந்த இரண்டின் மதிப்பைக் குறைக்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே உள்ள விலைகள் கணக்குப் போட்டுக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எஸ்டிமேட்டில் இருக்கும் எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு 28 வயசு. மெட்டல் செராமிக் பிரிட்ஜ், யூனிட் 6,000, மொத்தம் 18,000. நன்றாகப் பராமரித்தால் ஒரு பிரிட்ஜ் பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும். 12 என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் 28, 40, 52, 64 என்று நான்கு தடவை போட வேண்டி வரும். விலை வருஷம் 7% ஏறினால் இரண்டாவது பிரிட்ஜ் சுமார் 40,500. மூன்றாவது 91,000. நான்காவது இரண்டு லட்சத்தைத் தாண்டும். பயப்படாதீங்க, உங்கள் முதலீடும் அதே 7% வளர்ந்தால் இந்த ஏற்றமும் அந்த வளர்ச்சியும் கழிந்துவிடும். இன்றைய ரூபாயில் 18,000 நான்கு தடவை, 72,000. அவ்ளோதான்.

பக்கத்தில் இம்பிளான்ட்டை வையுங்கள். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு இறக்கி, அது எலும்போடு பிடித்ததும் மேலே ஒரு கேப். பக்கத்துப் பற்களைத் தொடுவதில்லை. கேப்போடு சேர்த்து 40,000 என்று வைப்போம். திருகு நிலைத்தாலும் மேலே உள்ள கேப் தேயும், உடையும். அதை வாழ்நாளில் மூன்று தடவை, தடவைக்கு 8,000 கொடுத்து மாற்றினால் 24,000. மொத்தம் 64,000.

72,000க்கும் 64,000க்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று நீங்கள் சொன்னால், ஒத்துக்கொள்கிறேன். "இம்பிளான்ட்தான் லாபம்" என்று இந்த 8,000 ரூபாயை வைத்து யாராவது சொன்னால் நம்பாதீங்க. முடிவைத் தீர்மானிப்பது அந்தத் தூண் பற்கள். பிரிட்ஜ் பழுதாவதற்கு ஒரு முக்கியக் காரணம், கேப்பின் ஓரத்தில் தூண் பல் சொத்தையாவது. அப்போது ரூட் கேனல். அதுவும் பலிக்காமல் ஒரு தூண் போனால் பாலத்தை நீட்ட வேண்டும், அடுத்த நல்ல பல்லும் ராவப்படும். நான்கு யூனிட், சில நேரம் ஐந்து. 18,000 கணக்கு 30,000 ஆகிறது, போன பல் இரண்டாகிறது. 28 வயதில் இந்த ரிஸ்க் ஓட இன்னும் நாற்பது, ஐம்பது வருஷம் இருக்கிறது. அதனால்தான் இரண்டு பக்கமும் நல்ல பல்லாக இருக்கும் இளைஞர்களிடம், டாக்டர் இம்பிளான்ட் முடியும் என்று சொன்னால், மூணு மாசம் பொறுத்தாவது அந்தப் பணத்தைச் சேர்த்துப் பாருங்கள் என்கிறேன்.

இதே கணக்கு எங்கே தலைகீழாகும் என்றும் பார்த்துவிடுங்கள். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே ரூட் கேனல் ஆகி, எப்படியும் கேப் போடத்தான் வேண்டும் என்றால், அந்த இரண்டு யூனிட் செலவு நீங்கள் செய்தே ஆக வேண்டியது. பிரிட்ஜுக்காகக் கூடுதலாகக் கொடுப்பது நடு யூனிட்டின் விலை மட்டும்தான். அங்கே பிரிட்ஜ் அடித்துப் பிடித்து ஜெயிக்கும். 63 வயது அப்பாவுக்கு என்றாலும் அப்படித்தான். அவர் போடப் போவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிரிட்ஜ். கட்டுப்படாத சுகர், அதிகப் புகைப்பழக்கம், எலும்பு குறைவு இதெல்லாம் இருந்தால் இம்பிளான்ட் ரிஸ்க் கூடும். போனது முன்பல் என்றால் "மேரிலாந்து பிரிட்ஜ்" முடியுமா என்று கேளுங்கள். பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் சின்ன இறக்கை மாதிரி ஒட்டுவது, ராவுதல் மிகக் குறைவு. கடைவாயில் மெல்லும் விசைக்கு அது பொதுவாகத் தாங்காது.

"ஒரு பல்தானே, உள்ளேதானே இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது" என்று தள்ளிப்போடுபவர்களுக்கும் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காலி இடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும், எதிர்வரிசைப் பல் இறங்கும், தாடை எலும்பு வற்றும். எலும்பு வற்றுவது முதல் வருஷத்தில்தான் அதிகம். பிறகு இம்பிளான்ட்டுக்குப் போனால் எலும்பு ஒட்டு என்று தனியாக ஒரு வரி எஸ்டிமேட்டில் சேரும். சும்மா இருப்பது இலவசம் இல்லை.

ஆனால் அவசரப்பட்டு கிரெடிட் கார்டைத் தேய்க்கவும் வேண்டாம். பல்லை எடுத்தபின் புண் ஆறி ஈறு படிய டாக்டர்களே சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்வார்கள். அந்த மூணு மாசம் உங்கள் ஆர்டி. மாசம் 6,000 ஒதுக்கினால் 18,000 கையில்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் இருக்கிறது. அரியூர், பிள்ளையார்குப்பம் பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. செயற்கைப் பல் கட்டுவதற்கென்றே புரோஸ்தோடான்டிக்ஸ் என்று தனிப் பிரிவு இருக்கும். முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். கட்டணம் பொதுவாகத் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. பதிலுக்கு நீங்கள் கொடுப்பது நேரம். நான்கைந்து தடவை போக வேண்டி வரலாம். லீவு போட்டால் சம்பளம் பிடிக்கும் வேலை என்றால் அந்த நாள் சம்பளத்தையும் செலவில் எழுதிவிட்டு ஒப்பிடுங்கள்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. பிரான்ஸில் இருக்கும் மாமா போனில் "எனக்கு பிரிட்ஜ் ஃப்ரீயா போட்டாங்க" என்பார். பொய் இல்லை. அங்கே 2020 ஜனவரியிலிருந்து, "100% சான்த்தே" என்ற திட்டத்தில், குறிப்பிட்ட வகை கேப், பிரிட்ஜ்களுக்கு அரசு காப்பீடும் "மியுத்துவெல்" என்ற கூடுதல் காப்பீடும் சேர்ந்து முழுத் தொகையையும் கொடுக்கின்றன. அந்த மியுத்துவெல்லுக்கு மாமாவின் சம்பளத்தில் மாசாமாசம் பிடித்தம் போகிறது, அதைத்தான் அவர் சொல்ல மறந்துவிடுவார்.

இங்கே உங்கள் கம்பெனி குரூப் பாலிசி, ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவுக்கானது. பல் சிகிச்சை பொதுவாக விலக்குப் பட்டியலில் இருக்கும். ஈசிஆரில் பைக்கிலிருந்து விழுந்து அட்மிட் ஆகி, அதில் பல் போயிருந்தால் கதை வேறு, அப்போது கிளெய்ம் செய்ய வாய்ப்பு உண்டு. பாலிசியில் "ஓபிடி" அல்லது "டென்டல்" என்று தனி வசதி இருக்கிறதா என்று எச்ஆரிடம் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இப்போ "நோ காஸ்ட் இஎம்ஐ". கிளினிக் கவுன்டரிலேயே ஒரு பெண் டேப்லெட்டோடு நிற்பார். 36,000 பில், மாசம் 6,000, ஆறு மாசம், வட்டி சைபர். கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுசா இப்பவே கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" 34,000 என்று பதில் வந்தால், உங்கள் உண்மையான கடன் 34,000. அதற்கு ஆறு மாதத்தில் 36,000 கட்டுகிறீர்கள். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி கிட்டத்தட்ட 20%. பிராசஸிங் ஃபீஸ் இருந்தால் அது தனி. இந்த மாதிரி சைபர் வட்டித் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது.

வரி விஷயம் சுருக்கமாக. உங்கள் பல்லுக்கு நீங்கள் செய்யும் செலவுக்கு வருமான வரியில் கழிவு கிடையாது, பழைய முறை, புதிய முறை இரண்டிலுமே. மருத்துவ பில் காட்டி 15,000 வரை வரியில்லாமல் வாங்கும் பழைய வசதி 2018-19 நிதியாண்டிலிருந்து இல்லாமல் போச்சு, பதிலுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் வந்தது. ஆனால் அப்பா அம்மாவுக்கு வழி உண்டு. அவர்களுக்கு 60 வயது ஆகியிருந்து, ஹெல்த் இன்சூரன்ஸ் எதுவும் இல்லாமல் இருந்து, நீங்கள் பழைய முறையில் வரி கட்டினால், அவர்களுக்காக நீங்கள் செய்யும் மருத்துவச் செலவை 80டியில் வருஷம் 50,000 வரை கழிக்கலாம். பல் செலவும் மருத்துவச் செலவுதான். அப்பாவுக்கு 40,000 ரூபாய்க்குப் பல் கட்டினால், 20% ஸ்லாபில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 8,320 மிச்சம், 30% என்றால் 12,480. இதற்காக மட்டும் பழைய முறைக்குத் தாவாதீங்க. இரண்டு முறையிலும் மொத்த வரியைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பணத்தை யுபிஐ, கார்டு, செக் ஏதாவது ஒன்றில், உங்கள் கணக்கிலிருந்து கொடுங்கள். கேஷாகக் கொடுத்தால் இந்தக் கழிவு கிடையாது. பில் அப்பா பெயரில், தேதியோடு, என்ன சிகிச்சை, எத்தனை யூனிட் என்று எழுதி இருக்கட்டும். லேப் வாரன்டி கார்டு இருந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது பிரிட்ஜ் உடைவதற்குத்தான், அடியில் இருக்கும் தூண் பல்லுக்கு இல்லை. அப்புறம், பில்லில் 18% ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் உடனே கேளுங்கள். மருத்துவ சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, பிரிட்ஜும் சிகிச்சைதான்.